லாக்கர்கள் திறந்துகொண்டதற்கு டோலெஜால் காரணமல்ல

க்வேதா போஸ்பிஷிலோவாவின் குடும்பப் பெயருக்கு எங்கள் செக் மொழியில் ‘அவசரப்பட்டவர்’ என்று பொருள். அது கணவர் வழியாக வந்த பெயர். ப்ர்னோவில் எங்கள் அலுவலகத்தின் நான்காவது மாடியில், அவருக்கு எதிர் மேஜையில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒருமுறை தீயணைப்பு ஒத்திகைக்கு மணி அடித்தபோது, எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்து, சேமித்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்ட பிறகுதான் கீழே இறங்கி வந்தார். ஒத்திகை அறிக்கையில் அதற்கென்று தனிப் பத்தி எழுதியிருந்தார்கள்.

வயது ஐம்பத்தாறு. காலை ஏழுக்கு வருவார், பதினொன்றுக்குச் சாப்பிடப் போவார், மூன்றரைக்கு டிராம் பிடிப்பார். சில நாள் அந்த டிராமை ஓட்டுவதே அவர் கணவர் ராதிம்தான். அந்த நாட்களிலும் க்வேதா பின்பெட்டியில்தான் ஏறுவார். வேலை நேரத்தில் ஓட்டுநரோடு பேசக்கூடாது என்று கதவில் எழுதியிருக்கிறது.

எங்களுடையது அடிமட்ட வேலை. கம்ப்யூட்டரில் எல்லாப் புரோகிராம்களுக்கும் கீழே கெர்னல் என்று ஒன்று ஓடுகிறது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதும் ஒரு கெர்னலில் க்வேதாவின் பங்கு சின்னது. பிராசசர் ஒரு வேலையைச் செய்யமுடியாமல் நின்றுவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதை எழுதி வைப்பது. மொத்தம் மூவாயிரம் வரி இருக்கும். அதைத் தொட முன்வந்தவர்கள் உலகத்தில் ஏழெட்டுப் பேர். அவர்களிலும் இரண்டு பேர் பிறகு விவசாயத்துக்குப் போய்விட்டார்கள்.

இப்படி நிற்பது ஏதோ அபூர்வமான விபத்து என்று நினைக்கக்கூடாது. தரவெல்லாம் புத்தகம்போலப் பக்கம் பக்கமாகத்தான் இருக்கும். ஒரு புரோகிராம் தன் தரவைத் தேடி ஓர் இடத்தைத் தொடுகிறது, அந்த இடம் இருக்கும் பக்கம் அப்போது மெமரியில் இல்லை. பிராசசர் உடனே நிற்கும். எந்த முகவரியை, அதாவது எந்த இடத்தின் எண்ணைத் தொட்டதால் நின்றது என்பதைத் தனக்குள் ஓரிடத்தில் குறித்துவைத்துவிட்டுக் கெர்னலைக் கூப்பிடும். கெர்னல் அந்த முகவரியைப் படித்து, வேண்டிய பக்கத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ‘ம், நடத்து’ என்று அனுப்பிவிடும். தொடக்கூடாத இடத்தைத் தொட்டிருந்தால் புரோகிராமைக் கொன்றுவிடும். தொட்டது கெர்னலேயாக இருந்தால் இயந்திரமே நின்றுபோகும். இதெல்லாம் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை நடக்கிறது. முகவரியைக் குறிக்க இருப்பது மட்டும் ஒரே ஓர் இடம்.

இயந்திரம் நின்றுபோனவர்கள் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் க்வேதாவுக்கு மெயில் எழுதுவார்கள். பெரும்பாலும் அவர்களுடைய மெமரி கெட்டுப்போயிருக்கும். அதனால் க்வேதாவிடம் இரண்டு வரிப் பதில் ஒன்று எப்போதும் தயாராக இருந்தது: தயவுசெய்து மெமரியைச் சோதித்துப் பாருங்கள், முடிந்தால் மாற்றிப் பாருங்கள்.

போன வருடம் ஆகஸ்டில், வேறு எதற்கோ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு சோதனை இயந்திரம் எங்கள் கண்முன்னே நின்றது. திரையில் கெர்னல் தன் மரண வாக்குமூலத்தை எழுதியிருந்தது. க்வேதா அதைப் படித்துவிட்டு, என்னை எழுந்து வரச் சொன்னார். அந்த நொடியில் ஓடிய கட்டளை தொட்டது ஒரு முகவரி, பிராசசர் குறித்துவைத்ததாகக் கெர்னல் சொன்னது வேறொரு முகவரி. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

“மெமரியா இருக்குமோ?” என்று கேட்டேன்.

“போன வாரம்தான் மாத்தினோம்,” என்றார்.

பதினொரு வேலை நாள் எடுத்துக்கொண்டார். சம்பந்தப்பட்ட பகுதியை நான்கு தாளில் அச்செடுத்து ஜன்னலோரம் ஒட்டி, எழுந்து போய்ப் படிப்பதும் வந்து உட்காருவதுமாக இருந்தார். பன்னிரண்டாம் நாள் காலை என்னைக் கூப்பிட்டு மூன்றாவது தாளைப் படிக்கச் சொன்னார். படித்தேன். சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.

“வெளிய போற ரெண்டாவது வழியப் பாரு.”

பார்த்தேன். விஷயம் இதுதான். பிராசசரால் மறுக்கவே முடியாத அழைப்பு ஒன்று உண்டு. எந்த வேலையில் இருந்தாலும் அதைப் போட்டுவிட்டு இதற்குப் போயாகவேண்டும். ஒரு முகவரியைக் குறித்துவைத்து, அதைக் கெர்னல் படிப்பதற்கு முன்பாக இந்த அழைப்பு வந்து, அதைக் கவனிக்கப் போன இடத்திலும் ஒரு பக்கம் இல்லாமல் போனால், புது முகவரி பழையதன் மேலேயே எழுதப்பட்டுவிடும். ஆகவே இந்த அழைப்பைக் கவனிக்கும் பகுதி, நுழையும்போது பழைய முகவரியை எடுத்துப் பத்திரப்படுத்தி, வெளியேறும்போது திரும்ப வைக்கவேண்டும். எழுதியவர் அதைச் செய்திருந்தார். ஆனால் வெளியே போக இரண்டு வழி இருந்தது. அழைப்பைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே இன்னோர் அழைப்பு வந்தால் மட்டும் போகிற இரண்டாவது வழியில் திரும்ப வைக்கவில்லை.

எழுதியவர் யார் என்று கேட்டேன். பதிவேட்டில் பார்த்துவைத்திருந்தார். க்வேதா போஸ்பிஷிலோவா, ஒன்பது வருடத்துக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் இரண்டே கால் மணி.

திருத்தம் மூன்று வரி. அதை அன்றே எழுதிவிட்டார். அதோடு விட்டிருந்தால் இதில் சொல்ல ஒன்றுமில்லை. அவர் பழைய மெயில்களைத் திறந்து, இதே அடையாளத்தோடு முன்பு யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினார். ஒருவர் எழுதியிருந்தார். பெயர் போஹுமீர் டோலெஜால், விசோச்சினா மேட்டுப்பகுதியில் ஒரு சிற்றூரின் நகராட்சி நீச்சல் குளத்தில் இயந்திரப் பராமரிப்பாளர். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே இன்னும் நீந்துகிறார்கள்.

ஆறு வருடத்துக்கு முந்தைய மெயில். குளத்தின் நூற்றுப்பதினெட்டு லாக்கர்களுக்கும் கம்ப்யூட்டரால் இயங்கும் பூட்டை டோலெஜாலே தன் கையால் அமைத்திருந்தார். தீ விபத்து விதிப்படி, கம்ப்யூட்டர் அரை நிமிடம் பேசாமல் இருந்தால் எல்லாப் பூட்டும் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளவேண்டும். கம்ப்யூட்டர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பேசாமல் போனது. முதல் தடவை ஒரு சனிக்கிழமை பிற்பகல், முதியோர் நீர்ப்பயிற்சி வகுப்பின்போது. நூற்றுப்பதினெட்டுக் கதவும் படபடவென்று திறக்கிற சத்தம் கேட்டு எல்லோரும் ஈரத்தோடு ஓடிவந்து அவரவர் லாக்கர் முன்னால் காவல் நின்றார்கள். அதன்பின் யாராலும் குளத்துக்குத் திரும்ப முடியவில்லை. ஒரு நோட்டரியின் கால்சட்டை மட்டும் காணாமல் போனது. அது இன்றுவரை கிடைக்கவில்லை. இவ்வளவையும் டோலெஜால் மெயிலில் எழுதி, கெர்னலின் கடைசித் திரையைப் படமெடுத்து இணைத்திருந்தார்.

க்வேதா மெமரியை மாற்றச் சொல்லியிருந்தார். மாற்றினேன், மறுபடியும் நின்றது என்று டோலெஜால் எழுதினார். அப்படியானால் இந்தக் கண்காணிப்புப் புரோகிராமை எப்போதும் ஓடவிடுங்கள், என்ன நடக்கிறது என்று தெரியும் என்றார் க்வேதா. ஓடவிட்டேன், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நின்றது இப்போது வாரம் இருமுறை நிற்கிறது என்றார் அவர். க்வேதாவின் மூன்றாவது பதில்: நிலைமை மோசமாகிக்கொண்டே போவதால் இது மெமரிதான், குளத்தின் ஈரமும் காரணமாக இருக்கலாம், கெர்னலில் பிழையில்லை. அதற்கு டோலெஜால், நன்றி, மறுபடி மாற்றிப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார்.

அந்தக் கண்காணிப்புப் புரோகிராம் வேலை செய்வதே மறுக்க முடியாத அழைப்பை நொடிக்கு ஆயிரம் தடவை விட்டுத்தான். அதனால்தான் வாரம் இருமுறை நின்றது. க்வேதா கையை மடியில் வைத்துக்கொண்டு அதை எனக்கு விளக்கினார். எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. பிறகு இணைத்திருந்த படத்தைத் திறந்தார். இரண்டு முகவரியும் அதில் தெளிவாகத் தெரிந்தன, வேறு வேறாக. ஒப்பிட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும்.

எங்கள் வழக்கப்படி, திருத்தத்தை அனுப்பும்போது பிழையைச் சொன்னவர் பெயரைக் கீழே ஒரு வரியில் போடவேண்டும். சம்மதம் கேட்டு டோலெஜாலுக்கு எழுதினார். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று மெயில் திரும்பி வந்தது. நீச்சல் குளத்துக்குப் போன் செய்தார்.

எடுத்த பெண், “டோலெஜாலா? அவர் போய் அஞ்சு வருஷமாச்சே,” என்றாள்.

ஏன் போனார் என்று கேட்டார் க்வேதா.

“லாக்கர் விஷயம்தான். அவர வேலையிலேர்ந்து எடுத்துட்டாங்க. இப்ப சாவி குடுத்துடறோம், கையில பட்டை போட்டு மாட்டிக்கிறாங்க. சாவின்னா தானா தொறந்துக்கிறதில்ல.”

அடுத்த நாள் சாப்பாட்டின்போது க்வேதா தட்டில் பாதி வைத்துவிட்டார். முட்டைக்கோசும் மாவுருண்டையும் இருந்த நாள் அது. சாதாரணமாக மிச்சம் வைக்கமாட்டார். முந்தின நாள் வீட்டில் ராதிமிடம் சொன்னாராம். ராதிம் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, “நான் சிவப்பு விளக்கத் தாண்டினா அன்னைக்கே எழுதிக் குடுத்தாகணும். உனக்கு ஒம்பது வருஷம் டயம் குடுத்திருக்காங்க,” என்றாராம். கொஞ்சம் கழித்து, போனிலெல்லாம் சொல்லாதே, நேரில் போ என்றும் சொல்லியிருக்கிறார்.

க்வேதாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. சனிக்கிழமை நான் என்ன செய்வதாக இருக்கிறேன் என்று கேட்டார். காளான் பறிக்கப் போவதாக இருந்தேன். விசோச்சினாவிலும் காடு இருக்கிறதே என்றார்.

டோலெஜால் இப்போது அதே ஊரின் பனிச்சறுக்கு அரங்கில் வேலை பார்த்தார், போனில் அந்தப் பெண்தான் அதையும் சொல்லியிருந்தாள். செப்டம்பரில் அங்கே புதுப் பனித்தளம் போடுவார்கள். தண்ணீரை மெல்லிய படலமாகத் தெளித்து, உறையவிட்டு, அதன்மேல் இன்னொரு படலம், இப்படி நாள்கணக்கில். உயரமான, மெலிந்த மனிதர், ரப்பர் பூட்ஸ், கையில் குழாய். எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். ஒரு படலத்தைப் பாதியில் விடமுடியாது. நாற்பது நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். க்வேதா மெல்லிய சட்டையோடு வந்திருந்தார். என் கோட்டைக் கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை.

அவர் தண்ணீரை நிறுத்திவிட்டு வந்ததும் க்வேதா எழுந்து நின்றார்.

“டோலெஜால் சார், நான் க்வேதா போஸ்பிஷிலோவா. ஆறு வருஷம் முன்னாடி நீங்க எனக்கு மெயில் எழுதினீங்க.”

“நாலு மெயில்,” என்றார் அவர். “நீங்க மூணு எழுதினீங்க, இன்ஜினியரம்மா.”

“நான் எழுதின மூணும் தப்பு. கோளாறு கெர்னல்லதான் இருந்தது. அந்த இடத்த எழுதினதே நான்தான்.”

டோலெஜால் கையுறைகளைக் கழற்றி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார்.

“அப்ப மெமரி?”

“நல்லாத்தான் இருந்தது.”

“நாலு தடவை மாத்தினேனே.”

“தெரியும்.”

“நாலுமா நல்லா இருந்தது?”

“நாலும்.”

அவர் தளத்தைப் பார்த்தார். அந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது, ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டுப் போனார். மூலையில் குனிந்தபடி பத்து நிமிடம் நின்றிருந்தார். அங்கே தண்ணீர் ஏதும் தேங்கியதாக எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார். நகராட்சியில் அவரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். ஈரம் படுகிற இடத்தில் கம்ப்யூட்டரை வைத்ததுதான் காரணம், அது பராமரிப்பாளர் தவறு என்றார்கள். ஈரமே இல்லை, அளந்து எழுதியிருக்கிறேன் என்று இவர் சொன்னார். அப்போது அவர்கள் ஒரு தாளை எடுத்துக் காட்டினார்கள். அது க்வேதாவின் மூன்றாவது மெயில்.

“அது எப்படி அவங்க கைக்குப் போச்சு?” என்று கேட்டார் க்வேதா.

“நான்தான் குடுத்தேன். வந்த பதில் எல்லாத்தையும் குடுங்கன்னாங்க. உள்ளத உள்ளபடி குடுக்கணுமில்ல.”

க்வேதா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பதினாறு வருடத்தில் அவர் அவ்வளவு வேகமாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

பிறகு பெயர் போடும் விஷயத்தைக் கேட்டார். கண்டுபிடித்தது நீங்கள்தானே, என் பெயர் எதற்கு என்றார் டோலெஜால். நான் கண்டுபிடித்தது ஆறு வருடம் கழித்து என்றார் க்வேதா. டோலெஜால் யோசித்துவிட்டு, வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது, பார்க்கிறீர்களா என்றார்.

வீட்டில் அவர் மனைவி வ்லாஸ்தா உருளைக்கிழங்கு அடை சுட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் யார் என்று டோலெஜால் சொன்னதும் அடுப்புத் தீயைக் குறைத்தார்.

“அவர் கோபப்பட மாட்டார்,” என்றார் க்வேதாவிடம். “அதுக்கும் சேத்து நான் படுவேன். முதல்ல சூப் குடிங்க.”

குடித்தோம். சொன்னபடியே, தட்டுகளை எடுத்த பிறகு வ்லாஸ்தா பேசினார். குரலை உயர்த்தவில்லை. வேலையிலிருந்து எடுத்த பிறகு இரண்டு வருடம் இவர் குளம் இருக்கிற தெரு வழியாகவே போகவில்லை, ரொட்டி வாங்க ஊரின் மறுகோடிக் கடைக்குப் போவார், மழையிலும் பனியிலும். கேட்டால் அங்கே ரொட்டி நன்றாக இருக்கிறது என்பார். நன்றாகவே இருக்காது, அடிப்பக்கம் கருகியிருக்கும், இரண்டு வருடம் அதைத்தான் சாப்பிட்டோம். முடிந்ததும் க்வேதா, “மன்னிச்சுக்குங்க,” என்றார். வ்லாஸ்தா எழுந்துபோய், துணி அலமாரியிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார்.

“அஞ்சு வருஷமா என் போர்வைக்கு நடுவுல கெடக்கு. ஒருத்தராவது படிங்க.”

அறுபத்து மூன்று தடவை கம்ப்யூட்டர் நின்றிருந்தது. ஒவ்வொன்றுக்கும் தேதி, மணி, அறையின் வெப்பம், ஈரம், அப்போது போட்டிருந்தது எத்தனையாவது மெமரி, திரையில் தெரிந்த இரண்டு முகவரிகள். ஒவ்வொரு முகவரியும் பதினாறு இலக்கம். எல்லாம் பென்சிலால், கையால் எழுதியது. க்வேதா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். ஒன்றரை மணி நேரம். அடை ஆறிப்போனது. வ்லாஸ்தா அதை எடுத்துப்போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தார், அதுவும் ஆறியது. நான்தான் சாப்பிட்டேன்.

ஐம்பத்தெட்டு வரிகளில் இரண்டு முகவரியும் பொருந்தவேயில்லை. க்வேதாவின் பிழை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் ஐந்து வரிகளில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பிராசசர் சரியாகத்தான் குறித்திருக்கிறது. முகவரியிலேயே நடுவில் ஓர் இலக்கம் மட்டும் பிசகியிருந்தது. க்வேதா அந்த ஐந்தையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஐந்தும் மூன்று வாரத்துக்குள் வந்தவை. ஐந்திலும் மூன்றாவது மெமரி.

“டோலெஜால் சார், காலைல சொன்னதுல ஒரு திருத்தம்,” என்றார். “நாலுமே நல்லதுன்னு சொன்னேன். மூணுதான் நல்லது.”

“மூணாவதா?”

“மூணாவது. அது நெஜமாவே கெட்டது.”

“எனக்கு அப்பவே அதும்மேல சந்தேகம்,” என்றார் டோலெஜால். அன்று முதல்முறையாகச் சிரித்தார். “சொருகும்போதே ஒரு மாதிரி இருந்துச்சு.”

“பாருங்க, இவருக்கு எதுல சந்தோஷம்னு,” என்று வ்லாஸ்தா என்னிடம் சொன்னார். பிறகு க்வேதாவுக்குப் புதிதாக இரண்டு அடை சுட்டுப்போட்டார்.

கிளம்பும்போது, நகராட்சிக்குக் கடிதம் எழுதப்போவதாகச் சொன்ன க்வேதா, குளத்து வேலையைத் திருப்பித் தரச்சொல்லிக் கேட்கலாமா என்று விசாரித்தார். கடிதம் எழுதுங்கள், வேலை வேண்டாம் என்றார் டோலெஜால். அங்கே நாள் முழுக்கக் குளோரின் வாடை, இங்கே காற்று நன்றாக இருக்கிறது. வழியில் நான் காட்டோரம் காரை நிறுத்தி அரைக் கூடை காளான் பறித்தேன். க்வேதா அலுவலகச் செருப்போடு மரத்தடியில் நின்று, தன் காலருகில் இருந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை திருத்தத்தை அனுப்பினார். மூன்று வரித் திருத்தத்துக்கு எழுபது வரி விளக்கம். பிழை எப்போது, யாரால் நுழைந்தது, யார் சொன்னார், சொன்னவருக்கு என்ன பதில் தரப்பட்டது, அந்தப் பதில் ஏன் தவறு, எல்லாம் இருந்தது. அடியில் டோலெஜாலின் பெயர். சரிபார்க்கும் ஜெர்மானியர் ஒருவர், திருத்தம் சரி, ஆனால் மூன்றாவது மெமரியைப் பற்றிய பத்தி தேவையா என்று கேட்டு எழுதினார். தேவை என்று க்வேதா ஒரே சொல்லில் பதில் எழுதினார். நான்கு நாள் மௌனத்துக்குப் பின் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். இப்போது அது உலகத்தில் எத்தனை கோடி இயந்திரங்களில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது.

நகராட்சிக்கு இரண்டு பக்கக் கடிதம் போனது. அக்டோபர் கூட்டத்தில், குப்பைத்தொட்டிகளுக்கும் கிறிஸ்துமஸ் விளக்குகளுக்கும் நடுவில், ‘இதர விஷயங்கள்’ என்ற தலைப்பில் அதை எடுத்துக்கொண்டார்கள். லாக்கர்கள் திறந்துகொண்டதற்குத் திரு டோலெஜால் காரணமல்ல என்பதை மன்றம் கவனத்தில் கொள்கிறது என்று எழுதினார்கள். ஆதரவு ஒன்பது, எதிர்ப்பு இல்லை, வாக்களிக்காதவர் ஒருவர். வாக்களிக்காதவர் நோட்டரி. வ்லாஸ்தா அந்தத் தாளின் நகலை எங்களுக்கு அனுப்பினார், ஒரு ஜாடி பிளம் பழக் கூழோடு.

அதன்பின் க்வேதா தன் பழைய மெயில்களை ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தார். மெமரியை மாற்றுங்கள் என்று அவர் பதில் எழுதியவர்கள் டோலெஜாலையும் சேர்த்து இருநூற்றுப் பன்னிரண்டு பேர். தினமும் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டார். டிசம்பர் முதல் வாரம் வரை ஆனது. இன்னும் இரண்டு பேர் சொன்னது சரியாக இருந்தது. இருவருக்கும் நீளமாக எழுதினார். ஒருவர், அந்தக் கம்ப்யூட்டரை எப்போதோ விற்றுவிட்டேன், வாங்கியவன் என் மைத்துனன், அவனிடம் இதைச் சொல்லவேண்டாம் என்று எழுதினார். மற்றவர், நீங்கள் யார் என்று கேட்டு எழுதினார். க்வேதா அவருக்கும் விளக்கி எழுதினார், மூன்று பக்கம். அதற்குப் பதில் வரவில்லை. மீதி இருநூற்றொன்பது பேருக்கும் மெமரிதான் கெட்டிருந்தது.